பயிற்சி முடிந்து வந்த திங்கட்கிழமை

அண்ணன் மகள் போன மாதம் தலைமையாசிரியை ஆனாள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டு வகுப்புகள், அவளையும் சேர்த்து ஆறு ஆசிரியர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். மூன்று நாள் தலைமைப்பண்புப் பயிற்சி. காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவு. தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். மதிய உணவு உண்டு.

"சித்தப்பா, நீங்க இத்தனை வருஷம் இதையேதான பண்ணிட்டிருந்தீங்க. உண்மையச் சொல்லுங்க. இதுக்குப் போயிட்டு வந்தா என்ன ஆகும்?"

பதினோரு ஆண்டுகள் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தவன் நான். அந்தக் காலம் முழுக்க இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஹால் கிடைச்சுதா, எத்தனை பேர் வந்தாங்க, போட்டோ அனுப்பியாச்சா, பில்லு எங்கே என்றுதான் கேட்பார்கள். அடுப்பில் பால் வைத்தேன். ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை இது.

பயிற்சி நாள் எப்படிப் போகும் என்பது ஆசிரியராக இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒன்பதரை என்று போட்டிருக்கும், பத்தேகாலுக்குத் தொடங்கும். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஒரு விளையாட்டு. பந்தை எறிந்து பெயர் சொல்ல வேண்டும். இருபது வருடமாக ஒரே ஒன்றியத்தில் வேலை பார்க்கிறவர்கள், ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் மொய் எழுதியவர்கள், அன்றைக்குத்தான் ஒருவருக்கொருவர் அறிமுகம் ஆவார்கள். பிறகு கருத்தாளர் பவர்பாயின்ட்டைத் திறப்பார். பதினொன்றரைக்கு டீயும் வடையும். சாப்பாட்டுக்குப் பின் குழுச் செயல்பாடு. சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து 'சிறந்த பள்ளியின் பண்புகள்' எழுதச் சொல்வார்கள். கையெழுத்து நன்றாக உள்ளவர் எழுதுவார், பேச வருகிறவர் பேசுவார், மற்றவர்கள் பஸ் நேரத்தைப் பார்ப்பார்கள். கடைசியாகக் கருத்துப் படிவம். எல்லாரும் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்தப் படிவங்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது. டொனால்டு கிர்க்பாட்ரிக் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1959-லேயே, பயிற்சியை நான்கு படிகளில் அளக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, எதையாவது கற்றுக்கொண்டார்களா, திரும்பிப் போய் வேலையில் நடைமுறையை மாற்றினார்களா, அதனால் விளைவு ஏதும் வந்ததா. என் கட்டுகளில் இருந்தது முதல் படி மட்டும்தான். அதிலும் பாதி வடைக்கான மதிப்பெண் என்று இப்போது தோன்றுகிறது.

"அப்ப எல்லாமே வேஸ்ட்டா சித்தப்பா?"

"அப்படிச் சொல்லல. எந்த இடத்துல ஒழுகுதுன்னு பாப்போம்."

முதல் ஒழுகல், பயிற்சி மேலிருந்து இறங்கி வருகிற வழியில் நடப்பது. மாநில அளவில் சிலருக்கு ஐந்து நாள் கொடுப்பார்கள். அவர்கள் மாவட்டத்துக்கு வந்து மூன்று நாள் கொடுப்பார்கள். அங்கே கேட்டவர்கள் ஒன்றியத்துக்கு வந்து ஒரு நாளில் முடிப்பார்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் பத்தில் ஏழு பங்கு பத்திரமாகச் சேர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று இறக்கம் தாண்டினால் நூற்றில் முப்பத்துநாலுதான் மிஞ்சும். ஒரே டீத்தூளில் மூன்றாவது தடவை தண்ணீர் ஊற்றுகிற கதை. நிறம் இருக்கும்.

அளவு குறைவதைவிட எது குறைகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரையறைகள், கொள்கைப் பெயர்கள், அம்புக்குறி போட்ட படங்கள் எல்லாம் கீழ்வரைக்கும் சேதாரமில்லாமல் வந்துவிடும். அவை ஸ்லைடில் இருக்கின்றன. 'இந்த அட்டையைக் கொடுத்ததும் பிள்ளை இப்படித் தப்பாகப் படிக்கும், அப்போது நீங்கள் உடனே திருத்தாமல் இதைக் கேளுங்கள்' என்பது மாதிரியான சின்ன விஷயங்கள் முதல் இறக்கத்திலேயே கொட்டிப்போகும். அதைச் சொல்ல வகுப்பில் நின்ற அனுபவம் வேண்டும். மூன்றாவது ஆள் அதை இரண்டாவது ஆளிடம் வாயால் கேட்டவர்தானே.

இப்படி அடுக்கடுக்காக இறக்குகிற முறையை அதிகாரிகள் விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2019-இல் தொடங்கிய நிஷ்டா திட்டத்தின் இலக்கே சுமார் 42 லட்சம் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வொரு ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. அவ்வளவு தலைகளுக்கு அவ்வளவு மணி நேரம் கொடுக்க வேண்டுமென்றால், மண்டபமும் அடுக்கும் செல்போன் வீடியோவும்தான் யாருக்கும் முதலில் ஞாபகம் வரும்.

முதல் டீ முடிந்தது. இரண்டாவதுக்குப் பால் போதாது, பக்கத்து வீட்டில் வாங்கி வந்தாள்.

"சரி, நல்ல கருத்தாளரே நேரா வந்து, மூணு நாள் பிரமாதமா நடத்திட்டார்னு வைங்க. அப்ப?"

இதற்குத் தென்னாப்பிரிக்காவில் துல்லியமாக ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அங்கே நார்த் வெஸ்ட் மாகாணத்தில் செட்ஸ்வானா தாய்மொழியாக உள்ள ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் தாய்மொழி வாசிப்பைச் சரிசெய்ய வேண்டும். 2015-இல் தொடங்கி இரண்டு வருடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஐம்பது பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு ஐம்பது பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்சியாளர் ஒருவர் அடிக்கடி நேரில் போய், வகுப்பில் உட்கார்ந்து, பார்த்து, பேசிவிட்டு வந்தார். பாடத்திட்டக் குறிப்பு இரண்டு பக்கமும் ஒன்றே, வாசிப்புப் புத்தகங்களும் ஒன்றே. எதுவுமே செய்யாத பள்ளிகளையும் ஒப்பிடுவதற்காக வைத்துக்கொண்டார்கள்.

மண்டபப் பயிற்சியும் பலன் தந்தது. அதை மறைக்கக் கூடாது. நல்ல புத்தகமும் தெளிவான பாடக்குறிப்பும் கையில் கொடுத்து நடத்திய பயிற்சி அது. ஆனால் வகுப்புக்கே ஆள் போன பள்ளிகளில் பிள்ளைகளின் வாசிப்பு முன்னேற்றம் அதைப்போல இரண்டு மடங்கு. காரணத்தையும் வகுப்புகளைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். பயிற்சியாளர் வந்துபோன வகுப்புகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளைச் சின்னச் சின்ன வாசிப்புக் குழுக்களாகப் பிரிப்பது கூடியிருந்தது. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்விட்டுப் படிக்கச் சந்தர்ப்பம் கிடைத்தது. குழுவாகப் பிரிப்பது மண்டபத்தில் கேட்கும்போது சுலபம். ஒரு குழுவைக் கையில் வைத்துக்கொண்டு மீதி முப்பது பேரைச் சத்தமில்லாமல் வேலையில் வைத்திருப்பது எப்படி என்பது, அந்த முப்பது பேருக்கு நடுவில் நின்றால்தான் தெரியும். முதல் நாள் வகுப்பு சந்தையாகிவிடும். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஆசிரியர் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார். அந்த மூன்றாம் நாளில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் செய்யவில்லை என்கிற நம்பிக்கையில்தான் நம் பயிற்சிகள் எல்லாம் நிற்கின்றன. பிகாரில் அந்த நம்பிக்கை உடைந்தது. பிரதம் என்கிற தன்னார்வ நிறுவனம் உருவாக்கிய ஒரு முறை. எந்த வகுப்பில் படிக்கிறான் என்று பார்க்காமல், எந்த அளவுக்கு வாசிக்கிறான் என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து, அங்கிருந்து தொடங்குவது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும், 2019-இல் நோபல் வாங்கினார்களே, அவர்களும் கூட்டாளிகளும் இதைப் பல மாநிலங்களில் பல வருடம் பின்தொடர்ந்து அளந்தார்கள். 2008 கோடை விடுமுறையில் பிகாரில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத முகாம் நடத்தினார்கள். பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. ஆசிரியர்களுக்கு முறை பிடிபட்டுவிட்டது, செய்தும் காட்டிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? பள்ளி திறந்தது. பயிற்சியும் கொடுத்து, பொருள்களும் கொடுத்து, வகுப்பில் இதையே தொடருங்கள் என்றார்கள். ஆண்டு முடிவில் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. உத்தராகண்டிலும் அப்படித்தான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போர்ஷன்" என்றாள்.

போர்ஷன்தான். கோடையில் பாடப் புத்தகம் கிடையாது, அதை முடித்தாயா என்று கேட்க ஆளும் கிடையாது. பள்ளி திறந்துவிட்டால் ஆசிரியரின் வேலை புத்தகத்தை நகர்த்துவது என்றாகிவிடுகிறது. பின்தங்கிய பிள்ளைக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுப்பது, நேரம் மிஞ்சினால் செய்கிற தர்மகாரியம். நேரம் மிஞ்சாது. இதற்கு இன்னொரு மூன்று நாள் பயிற்சி வைத்தால், தெரிந்ததையே மறுபடி சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கும். நான் அப்படி எத்தனை வைத்திருக்கிறேனோ.

அதே ஆராய்ச்சிக்காரர்கள் அடுத்ததாக ஹரியானாவுக்குப் போனார்கள். 2012-13 கல்வி ஆண்டு. இந்தத் தடவை இரண்டு விஷயத்தை மாற்றினார்கள். தினமும் ஒரு மணி நேரம், கால அட்டவணையிலேயே, இதற்கென்று மட்டும். அந்த ஒரு மணி நேரம் ஆசிரியர் புத்தகத்தை நகர்த்தவில்லையே என்று யாரும் கேட்க முடியாது. இரண்டாவது மாற்றம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நம் ஊர் ஆசிரியர் பயிற்றுநர்களைப் போல அங்கேயும் வட்டார அளவில் மேற்பார்வையாளர்கள் உண்டு. அவர்களுக்கு நாலு நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, பதினைந்திலிருந்து இருபது நாள் வரைக்கும் பள்ளிகளில் அவர்களையே பாடம் எடுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் பள்ளிகளைப் பார்வையிடவும் விட்டார்கள். ஹிந்தி வாசிப்பு கூடியது. பிகாரில் நின்றுபோன அதே முறை, அதே மாதிரி அரசுப் பள்ளி ஆசிரியர்களின் கையில் இங்கே நடந்தது.

தைத்ததற்குக் காரணம் சொல்கிறேன். நான் பி.எட். படித்த பட்டதாரி ஆசிரியர். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவன். பயிற்றுநராகப் போன மறு மாதம், ஒன்றாம் வகுப்புக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிற டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். வாழ்க்கையில் ஒருநாள்கூட ஒன்றாம் வகுப்பு எடுத்ததில்லை. என்னைப் போலத்தான் என்னோடு இருந்த பலரும். முன் வரிசையில் இருபத்தைந்து வருடம் 'அ ஆ' சொல்லிக் கொடுத்த ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும், "சார், அப்படியே நம்ம ஸ்கூலுக்கு வந்து ஒருநாள் செஞ்சு காட்டுங்க, பாத்துக்கறோம்" என்றார். கிண்டலா வேண்டுகோளா என்று தெரியவில்லை. கண்டிப்பா வரேன் டீச்சர் என்றேன். போகவில்லை.

இந்த இடத்தில் சென்னை மாநகராட்சிக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. செயல்வழிக் கற்றல் என்றால் இன்றைக்கு ஆசிரியர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். தொடங்கியபோது அப்படி இல்லை. 2003-இல் மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி பள்ளி இருக்கிறதே, அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள் சில நடந்துகொண்டிருந்தன. ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். பாடம் முழுக்கச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அட்டைகள் ஏணிப்படி மாதிரி வரிசையாக ஏறும். ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கிற படியிலிருந்து தன் வேகத்தில் ஏறும். மாநகராட்சி ஆசிரியர்களை அங்கேயே அனுப்பிப் பார்க்க வைத்தார்கள். திரும்பி வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து தயாரித்தார்கள். 13 பள்ளிகளில் ஆரம்பித்தது.

போய்ப் பார்த்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். 'எங்க பிள்ளைங்க தானா படிக்குமா? முதல் தலைமுறை சார், வீட்ல சொல்லிக் குடுக்க ஆள் இல்ல சார்' என்பது எந்தப் பயிற்சியிலும் எழுகிற முதல் ஆட்சேபம். அதற்கு மண்டபத்தில் பதில் கிடையாது. ரிஷிவேலிக் கிராமத்தில் பதில் கண் முன்னால் உட்கார்ந்து அட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையும் அதே மாதிரி வீட்டுப் பிள்ளை. தாமஸ் கஸ்கி என்பவர் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பற்றித்தான் சொன்னார். முதலில் ஆசிரியரின் மனதை மாற்று, மனம் மாறினால் வகுப்பு மாறும், வகுப்பு மாறினால் பிள்ளை படிக்கும் என்று எல்லாரும் வரிசை போடுகிறார்கள். வரிசை நேர் எதிர் என்றார். ஆசிரியர் அரை மனதோடாவது ஒன்றைச் செய்து பார்ப்பார், பிள்ளை படிப்பதைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் நம்புவார். மனதை மாற்றுகிற பேச்சுக்கே முதல் நாள் முழுவதையும் செலவழித்தவன் என்கிற முறையில், அதைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு விஜயகுமார் மாநிலத் திட்ட இயக்குநர் ஆனார். 2007-08 வாக்கில் செயல்வழிக் கற்றல் 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது. அட்டை போனது, தட்டு போனது, பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தாயிற்று, கம்பிப் பந்தல் கட்டியாயிற்று. பல இடங்களில் அருமையாகவும் நடந்தது. நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தனை ஆயிரம் பேரை ரிஷிவேலிக்கு யார் கூட்டிப்போவது? போய்ப் பார்ப்பது நின்று, கேட்பது வந்தது. நாங்கள் பள்ளிக்குப் போனபோதும், எந்தப் பிள்ளை எந்தப் படியில் இருக்கிறது என்று பதிவேட்டைத்தான் பார்த்தோம். பதிவேட்டைப் பார்ப்பது சுலபம். என் சைக்கிள் சத்தம் கேட்டதும் டீச்சர் பதிவேட்டை எடுத்து வைப்பார். நான் கையெழுத்துப் போடுவேன். ஒருநாளைக்கு மூன்று பள்ளி முடித்துவிடலாம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை திணறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போனால் அரைநாள் ஆகிவிடும்.

"ஆசிரியருக்குச் சரி. எனக்கு வந்திருக்கிறது ஹெச்.எம். பயிற்சி. அதுல என்ன சொல்லித் தருவாங்க?"

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்றேன். சிரித்தாள். தலைமையாசிரியர் பயிற்சிகளின் மையம் பெரும்பாலும் அதுதான். உங்கள் பள்ளியை நீங்களே மதிப்பிடுங்கள், பலம் பலவீனம் எழுதுங்கள், திட்டம் தயாரியுங்கள், பதிவேற்றுங்கள். உலகம் பூராவும் நல்ல நிர்வாகம் என்றால் இதைத்தான் சொல்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் இதை மிகச் சிரத்தையாகச் செய்தார்கள். ஷாலா சித்தி என்று பெயர்.

"அந்தச் சித்திய எனக்குத் தெரியும். எங்க பழைய ஸ்கூல்ல நான்தான் அதுக்கு டேட்டா என்ட்ரி பண்ணேன்."

குலுக்கல் முறையில் எடுத்த 1,774 பள்ளிகளில் மத்தியப் பிரதேசத்துத் திட்டத்தைச் செய்துபார்த்து, செய்யாத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும். மதிப்பீடு ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் நடந்து முடிந்தது. ஏனோதானோ என்றும் நடக்கவில்லை. கொடுத்த மதிப்பெண்கள் பள்ளியின் உண்மை நிலைமையைக் காட்டின. மேம்பாட்டுத் திட்டங்களும் எழுதப்பட்டன. பிறகு வகுப்பறையில் போய்ப் பார்த்தால் பள்ளி நடக்கிற விதத்தில் மாற்றமில்லை, பிள்ளைகளின் படிப்பிலும் மாற்றமில்லை. காகிதம் முழுக்க நிறைவேறியது, பள்ளி அப்படியே இருந்தது. இதில் வேடிக்கை, திட்டம் பெரிய வெற்றி என்றே எல்லாரும் நினைத்தார்கள். நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கினார்கள். எதைப் பார்த்து வெற்றி என்றார்கள்? எத்தனை பள்ளி மதிப்பீடு முடித்தது, எத்தனை திட்டம் பதிவேறியது என்பதைப் பார்த்து. என் கருத்துப் படிவக் கட்டுக்கு அண்ணன் அது.

அவள் கொஞ்சம் சோர்ந்துபோனது முகத்தில் தெரிந்தது. நானும் வயசானவன், வந்த பிள்ளையிடம் இவ்வளவு நேரம் இல்லை இல்லை என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் ஜப்பானுக்குப் போனேன்.

ஜப்பான் தொடக்கப் பள்ளிகளில் ஜுக்யோ கென்க்யூ என்று ஒரு பழக்கம் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. பாட ஆய்வு என்று சொல்லலாம். 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்கிற இரண்டு அமெரிக்கர்கள் ஒரு புத்தகத்தில் இதை விவரித்த பிறகு மற்ற நாடுகளில் பேச்சு பரவியது. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வார்கள். பின்னக் கூட்டல் என்று வைத்துக்கொள். பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள், எந்தக் கணக்கை முதலில் கொடுக்கலாம், அதில் என்ன எண் போடலாம் என்று வாரக்கணக்கில் பேசுவார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் அவர்களில் ஒருவர் அந்தப் பாடத்தை எடுப்பார். மற்றவர்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது டீச்சரை இல்லை. ஒவ்வொருவரும் சில பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். முடிந்ததும் உட்கார்ந்து பேசும்போது பாடம் எடுத்தவர்தான் முதலில் பேசுவார். அடுத்தவர்கள் பாடத்தைக் குறை சொல்லலாம். அந்தப் பாடம் எல்லாரும் சேர்ந்து செய்தது, அதனால் எடுத்தவர் முகம் சுண்ட வேண்டியதில்லை.

"நாலு டீச்சர் ஒரே கிளாஸ்ல நின்னா மத்த கிளாஸ யார் பாப்பாங்க?" என்று உடனே கேட்டாள். தலைமையாசிரியை ஆகிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜப்பானில் அந்த நாள் மற்ற வகுப்புப் பிள்ளைகளைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வகுப்பு மட்டும் இருக்கும். அதைச் செய்ய மேலிருந்து கருத்தாளர் வர வேண்டாம், பவர்பாயின்ட் வேண்டாம். அந்த நாளுக்கு மணி அடிப்பதை மாற்ற அதிகாரம் உள்ள ஒரு ஆள் வேண்டும். பள்ளித் தலைவர் என்பவருக்கு ஆசிரியர் வளர்ச்சியில் உள்ள வேலையில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். ஹரியானாவில் அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுத்தது மாநில அரசு. உன் பள்ளியில் அதை ஒதுக்கிக் கொடுக்கக்கூடியவள் நீ. பயிற்சி முடித்து வருகிற உன் டீச்சருக்குத் திங்கட்கிழமை காலையில் வகுப்பு சந்தையாகும்போது, பின்னால் வந்து உட்காரப் பயிற்றுநர் வர மாட்டார். அவர் ஒன்றியத்தில் எத்தனை பள்ளி வைத்திருக்கிறார் தெரியுமா? நீ போய் உட்காரலாம். பதிவேட்டைத் திறக்காமல் உட்காரு. முதல் இரண்டு தடவை அவருக்குக் கை நடுங்கும், நீ ஹெச்.எம். என்பதால். அதனால் முதலில் நீ வகுப்பு எடு, அவரை உட்கார்ந்து பார்க்கச் சொல். தப்பாக எடுத்தாலும் பரவாயில்லை. தப்பாக எடுத்தால் இன்னும் நல்லது.

"அப்ப இந்தப் பயிற்சிக்குப் போகவா வேண்டாமா?"

"ஆர்டர் வந்திருக்கு, போகாம எப்படி? போ. ஆனா ஒரு வேலை பண்ணு. மூணு நாள்ல அவங்க சொல்றதுல ஒண்ணே ஒண்ணு எடுத்துக்க. எது உன் ஸ்கூல்ல அடுத்த வாரமே செய்ய முடியுமோ அது. மத்தத நோட்ல எழுதிக்க, தப்பில்ல. டீ டைம்ல பக்கத்து ஸ்கூல் ஹெச்.எம்.கிட்ட மொய் கதைய விட்டுட்டு, உங்க ஆறாங்கிளாஸ்ல எத்தனை பேர் தமிழ் படிக்கத் திணறுறாங்கன்னு கேளு. எனக்குத் தெரிஞ்சு பயிற்சி நாள்ல உருப்படியான பேச்செல்லாம் அந்த நேரத்துலதான் நடந்திருக்கு. ஒருநாள் அவங்க ஸ்கூலுக்கு நீயும், உன் ஸ்கூலுக்கு அவங்களும் போயிட்டு வரலாம்னு பேசிட்டு வந்தா, மூணு நாளும் வசூல்."

கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். கால அட்டவணை. மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. பென்சில் கேட்டாள். ஆறாம் வகுப்புத் தமிழ் புதன்கிழமை மூன்றாவது பீரியட். அந்த நேரம் அவள் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். எட்டாம் வகுப்பை நாலாவது பீரியடுக்குத் தள்ளினால் கணக்கு டீச்சரோடு மோதுகிறது. கணக்கை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினால் அன்றைக்கு அவர் மூன்றாம் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். அழித்து அழித்துத் தாள் கறுத்துவிட்டது.

"எட்டாங்கிளாஸ் ஒரு பீரியட் மட்டும் இடிக்குது சித்தப்பா. வாரத்துக்கு ஒரு தடவைதான்." தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "நீங்க சும்மாதான இருக்கீங்க?"

சைக்கிள் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க எழுந்தேன்.